100 மதிப்பெண் குறைவாக எடுத்தவளுக்கு சீட், என் மகளுக்கு இல்லை: இது நியாயமா?

கேள்வி: நானும் கணவரும் வங்கியில் வேலை பார்க்கிறோம். கோவையில் குடியிருக்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்ததும் ஒரு வருடம் ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்ந்து படித்து, இரண்டாம் முறை நீட் எழுதினாள். எங்கள் பி.சி. பிரிவு கட்-ஆஃபுக்கு 11 மதிப்பெண் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டு வேலைக்காரியின் மகளும் அதே தேர்வை எழுதினாள். அவளும் பி.சி. பிரிவுதான். என் மகளைவிட 100 மதிப்பெண் குறைவு. அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என் மகள் எழுதி முடித்த மாதிரித் தேர்வுத் தாள்களைத்தான் வாங்கிக்கொண்டு போய், அம்மா வேலை முடிக்கும்வரை எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பாள். சீட் கிடைத்ததும் இருவரும் லட்டு டப்பாவோடு வந்தார்கள். என் மகள் அறைக் கதவைத் திறக்கவில்லை. டப்பா பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம். சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே பிரிவுக்குள்ளேயே இப்படி என்றால், சம வாய்ப்பு என்பதற்கு என்ன அர்த்தம்? மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. வேலைக்காரியை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. காலையில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதில்:

சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் கலைக் கல்லூரியில் 31 ஆண்டுகள் மெய்யியல் நடத்தினேன். தென்காசிப் பக்கம் பீடி சுற்றிய அம்மாவுக்குப் பிறந்தவள், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இந்த விஷயத்தில் என் மனசு ஒரு பக்கம் சாயும். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

உங்கள் மகளின் வலி பொய்யில்லை. பதினெட்டு வயதில் இரண்டு வருடம் என்பது சின்ன விஷயமா? கல்யாணம், திருவிழா, தோழிகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு, 11 மதிப்பெண்ணில் தவறவிட்டிருக்கிறாள். மூன்று கேள்வி சரியாக அமைந்திருந்தால் முடிந்திருக்கும். அவள் அழட்டும். ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று யாரும் அவளிடம் சொல்லிவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வலியோடு ஒரு கணக்கும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘என் சீட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.’ இந்தக் கணக்கு தப்பு, அதை முதலில் பிரித்துவிடுவோம். நெரிசலான டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் இருக்கை. அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நின்றுகொண்டு வரும் நாற்பது பேரும் ‘அது மட்டும் இல்லாவிட்டால் நான் உட்கார்ந்திருப்பேன்’ என்று நினைக்கலாம். உண்மையில் அந்த இருக்கை பொதுவாகிவிட்டால் உட்காரப் போவது நாற்பதில் ஒருவர். தேர்வுக்குழு வெளியிட்ட தரவரிசைப் பட்டியலை எடுத்து, கட்-ஆஃபுக்கும் உங்கள் மகளுக்கும் நடுவில், உங்கள் பிரிவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். அந்த ஒரு சீட் திரும்பி வந்தாலும் அது யார் கைக்குப் போயிருக்கும் என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

‘ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம்’ என்கிறீர்கள். இதை நான் அற்பமாக நினைக்கவில்லை. பதவியும் பணியும் பிறப்பைப் பார்த்துக் கொடுக்கப்பட்ட காலத்தில், ‘திறமையைத் தவிர வேறெதையும் பார்க்காதே’ என்று கேட்பதே பெரிய கலகம். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சியின் உரிமைப் பிரகடனம் அதைத்தான் கேட்டது. நம் ஊரில் பள்ளிக்கூடத் திண்ணைக்கே வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர்களுக்கு, எல்லோருக்கும் ஒரே தாள் என்பது எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாசலுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் விவாதம் தொடங்குகிறது. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் 1962-ல் ஓர் உதாரணம் சொன்னார். நான் வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்லும் உதாரணம் அது. ஒரு நாட்டில் போர்வீரர்களுக்குத்தான் மதிப்பெல்லாம். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே வீரர்களாகலாம் என்று சட்டம். சீர்திருத்தம் வருகிறது, இனி யார் வேண்டுமானாலும் உடல்வலுப் போட்டியில் ஜெயித்துச் சேரலாம். போட்டி நேர்மையாகவே நடக்கிறது. ஆனாலும் ஜெயிப்பவர்கள் பழைய குடும்பத்துப் பிள்ளைகளே. மற்றவர்கள் வயிறார உண்டு வளர்ந்தவர்களில்லை. இப்போது அங்கே சம வாய்ப்பு வந்துவிட்டதா? வகுப்பில் இதைக் கேட்டதும் சத்தம் அடங்கிவிடும். முதல் பெஞ்சில் இருப்பவர்கள் ‘வந்துவிட்டது’ என்பார்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் பதில் சொல்லாமல் என்னையே பார்ப்பார்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்குத் தனி அறை. ஒரு முழு வருடம் வேறு வேலை எதுவும் வேண்டாம், படித்தால் போதும் என்ற அவகாசம். ரிப்பீட்டர் பேட்ச்சுக்குக் கட்டக் காசு. அந்தப் பெண்ணுக்கு உங்கள் வீட்டு மாடிப்படி. அம்மா பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை வெளிச்சம். இன்னொருத்தி பேனாவால் விடை குறித்துவிட்ட தாள், அந்தக் குறியைக் கையால் மறைத்துக்கொண்டுதானே அவள் போட்டிருக்க வேண்டும்? இந்தக் காட்சியைப் பக்கத்திலிருந்து பார்த்து எனக்கு எழுதியது நீங்கள். மூன்று மணி நேரம் இருவருக்கும் ஒன்றுதான், அதற்கு முந்தைய பதினெட்டு வருடம் ஒன்றில்லை.

1936-ல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேச முடியாமலே போன உரையில் அம்பேத்கர் இதை மூன்றாகப் பிரித்தார். ஒரு மனிதன் எட்டும் உயரத்துக்குக் காரணம் உடலோடு வந்தது, பெற்றோரின் கவனிப்பும் கல்வியுமாகச் சமூகத்திடமிருந்து வந்தது, அவன் சொந்த முயற்சி. முயற்சியில் வித்தியாசம் இருந்தால் வித்தியாசமாக நடத்துவதில் நியாயம் இருக்கலாம். முதல் இரண்டுக்காக ஒருவனை ஏன் தள்ள வேண்டும்? குடும்பச் செல்வாக்கும் படிப்பும் பணமும் உள்ளவர்களைத்தான் அப்படிப் பொறுக்கியெடுப்போம், அதற்குத் திறமை என்று பெயர் சூட்ட முடியாது என்பது அவர் வாதம். 35 வருடம் கழித்து, 1971-ல், அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜான் ரால்ஸ் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்: ஒரே அளவு இயல்திறனும் அதைப் பயன்படுத்தும் ஒரே அளவு மனமும் உள்ள இருவருக்கு, எந்த வீட்டில் பிறந்தாலும், ஒரே மாதிரி எதிர்காலம் இருக்க வேண்டும். உலகம் முழுக்க வகுப்புகளில் இதைத்தான் நடத்துகிறோம். எனக்கு அம்பேத்கரின் கேள்வியே கூர்மையானதாகத் தெரிகிறது. முயற்சி செய்யும் மனம்கூடப் பாதி வீட்டிலிருந்து வருகிறது என்று ரால்ஸும் ஒப்புக்கொண்டவர்தான்.

உங்கள் மகளின் கேள்விக்கு நேர்ப் பதில் என்று நான் நினைப்பது பொருளாதார அறிஞர் ஜான் ரோமர் 1998-ல் எழுதியது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முயற்சியைத்தான் மதிக்க வேண்டும் என்றால், அதை எப்படி அளப்பது? மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் சூழ்நிலையும் அதற்குள் கலந்துகிடக்கிறது. ஒரே மாதிரிச் சூழ்நிலையில் வளர்ந்தவர்களை ஒரு வரிசையாக நிறுத்து, தன் வரிசையில் யார் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறார் என்று பார் என்கிறார் ரோமர். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கோச்சிங், தனி அறை, படித்த பெற்றோர் எல்லாம் வாய்த்த 1000 பேரில் ஒரு பெண் 60-வது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, படித்த பெரியவர் எவரும் வீட்டில் இல்லாத 1000 பேரில் இன்னொரு பெண் 5-வது. முன்னவளுக்கு 100 மதிப்பெண் அதிகம். நீட்டில் 100 மதிப்பெண் என்பது 25 கேள்வி. அந்த 25 கேள்வியில் எத்தனை அவள் உழைப்பு, எத்தனை அவள் வீடு? ஒரு தாளை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. வரிசையை வைத்துத்தான் பிரிக்கப் பார்க்க முடியும். 7.5 சதவீதம் என்பது அந்த வரிசையைத் தனியாகப் பார்க்கும் ஏற்பாடு.

அது எப்படி வந்தது என்றும் மகளுக்குச் சொல்லுங்கள். நீட் வந்த பிறகு முதல் சில ஆண்டுகளில் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று சட்டம் கொண்டுவந்தது. அந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாக 400 பேருக்கு மேல் உள்ளே வந்தார்கள். ஒரே வருடத்தில் அந்தப் பிள்ளைகளின் மூளையா மாறிவிட்டது? 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. அதே ஆண்டு ஜனவரியில் வேறொரு வழக்கில், போட்டித் தேர்வு வெளித்தோற்றச் சமத்துவத்தையே தருகிறது, தேர்வுக்குப் பின்னால் இருக்கும் குடும்ப, பண, பண்பாட்டு வசதிகளை மதிப்பெண் காட்டாது என்று உச்ச நீதிமன்றமும் எழுதியது.

ஒன்றை மனம் நோகாமல் சொல்லப் பார்க்கிறேன். பி.சி. ஒதுக்கீட்டில் குறையில்லை, இதில்தான் குறை என்கிறீர்கள். பொதுப் பிரிவில் இருக்கும் ஒரு தாய் உங்கள் மகளைப் பற்றி எனக்கு இதே கடிதத்தை எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் இதேதான், ‘ஒரே கேள்வித்தாள்’ உட்பட. இது இன்று நேற்றுப் பேச்சில்லை. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சாதி, மதவாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் மருத்துவக் கல்லூரி சேர்க்கையை வைத்துத்தான். இங்கே கிளம்பிய கொந்தளிப்புக்குப் பிறகு அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்தார்கள். உங்கள் குடும்பம் இன்று நிற்கும் படிக்கட்டில் அந்தத் திருத்தமும் ஒரு படி. நம்மைத் தூக்கிவிட்ட வரைக்கும் அது நீதி, நமக்கு அடுத்தவரைத் தூக்கும்போது அநீதி என்று தோன்றுவது மனித இயல்பு. எனக்கும் தோன்றியதுண்டு. என் மகனுக்கு ஓர் இடம் தவறியபோது நானும் இரண்டு நாள் யார் யாரையோ திட்டினேன்.

‘அவள் நல்ல டாக்டராக வருவாளா’ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் உறவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறுவை சிகிச்சை போன்ற தொழிலில், பாதிக்கப்படுவது நோயாளி என்பதால், இந்தக் கொள்கையை எவ்வளவு தூரம் இழுப்பது என்பதில் கவனம் வேண்டும் என்று ரோமரே எச்சரித்திருக்கிறார். ஒதுக்கீடு இருப்பது உள்ளே போகும் கதவில். வெளியே வரும் கதவில் இல்லை. பி.சி. பிரிவுக்கான நீட் தகுதிக் கோட்டை இருவருமே தாண்டியவர்கள். உள்ளே போனபின் அனாட்டமி தாளும் வைவாவும் எல்லோருக்கும் ஒன்றே. தோற்றால் தோல்விதான்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளி மகள் இதற்குள் வரமாட்டாள். அரசுப் பள்ளியில் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளை வந்துவிடுவான். எந்தக் கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் நிற்கும் யாரோ ஒருவருக்கு வலிக்கும், அந்த வலியைப் பேச அவருக்கு உரிமையும் உண்டு. கோட்டை நகர்த்தச் சொல்லி எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கோடே கூடாது என்பதில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை.

அடுத்து, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கேள்வி. வரிகளுக்கு நடுவில் எனக்குக் கேட்டது: ‘அப்படியென்றால் நாங்கள் பிள்ளைக்குச் செய்ததெல்லாம் தப்பா?’ ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1974-ல் இதற்கு ஒரேயடியாகப் பதில் சொன்னார்: வாழ்க்கை யாரோ நடத்தும் ஓட்டப்பந்தயம் இல்லை, என் பணத்தை என் பிள்ளைக்குச் செலவழிக்க எனக்கு உரிமை உண்டு. பாதி சரி. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி நம் எல்லோர் வரிப்பணத்திலும் நிற்பது, உங்கள் வீட்டு வேலை செய்பவர் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அதன் இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதைத் தனியார் விருப்பமாக விட முடியாது. ஹாரி பிரிக்ஹவுஸ், ஆடம் ஸ்விஃப்ட் என்ற தத்துவ ஆசிரியர்கள் இருவர் இதை இன்னும் பரிவோடு யோசித்திருக்கிறார்கள். இரவில் பிள்ளைக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பதுகூட மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஓர் அனுகூலம்தான். அதற்காகக் கதை சொல்வதை நிறுத்துவதா? கூடாது, அது தாய் பிள்ளை உறவின் உயிர். காசு கொடுத்து வாங்கித் தரும் அனுகூலத்துக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. இது அவர்கள் முடிவு, என் முடிவும் ஏறக்குறைய அதுதான். கோச்சிங் அனுப்பியதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். இருக்கிற ஒரே வாசலில் பிள்ளையைச் சேர்க்க எந்தத் தாயும் செய்வதைச் செய்திருக்கிறீர்கள்.

அந்த ‘ஒரே வாசல்’தான் எனக்குப் பெரிய கோபம். ஜோசப் ஃபிஷ்கின் என்ற சட்ட அறிஞர் 2014-ல் இதை ஒரு குறுகிய கழுத்துக்கு ஒப்பிட்டார். எல்லோரும் ஒரே புட்டிக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும் என்று சமூகம் அமைந்துவிட்டால், அங்கே யார் முந்துவது என்று எவ்வளவு நியாயமாகத் தீர்மானித்தாலும் நெரிசல் குறையாது. வாசல்களைக் கூட்ட வேண்டும் என்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஒரு பிள்ளையின் மானம், உறவுக்காரர் பார்வை, எதிர்காலம் எல்லாவற்றையும் தொங்கவிட்டிருக்கிறோம். உங்கள் மகளை நசுக்கியது அந்தக் கழுத்து. கூடவே நசுங்கிக்கொண்டு நின்ற இன்னொரு பெண் மேல் அவள் கோபம் திரும்பியிருக்கிறது.

மூன்றாம் முறை எழுதலாமா என்று இப்போதே முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதம் போகட்டும். பிறகு ‘எழுதுகிறாயா’ என்று கேட்காமல், மருத்துவத்தில் அவளுக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். உடம்பு எப்படி இயங்குகிறது என்ற வியப்பா, நோயாளியின் கையைப் பிடிக்கும் ஆசையா, ‘டாக்டர்’ என்ற பெயரா? முதல் இரண்டில் எதுவென்றாலும் போக வேறு நல்ல வழிகள் இருக்கின்றன, மூன்றாம் முறை எழுதுவதும் அதில் ஒன்று. பெயர்தான் என்றால், அந்த ஆசையை அவளுக்குள் வைத்தவர்கள் யார் என்று நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

வேலையை விட்டு அந்த அம்மாவை நிறுத்தக் கூடாது. மகள் சட்டப்படி கிடைத்த இடத்தில் சேர்ந்ததற்கு அம்மாவின் சம்பளத்தைப் பறிப்பதாகும் அது. அந்தப் பெண் முதலாண்டு ஹாஸ்டலில் இருக்கும்போது வீட்டில் ஒரு வருமானம் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். கடிதத்தில் ‘வேலைக்காரி’, ‘வேலைக்காரியின் மகள்’ என்றே இருக்கிறது. வருடக்கணக்காக உங்கள் வீட்டுக்கு வருபவர்கள், பெயர் எங்கும் இல்லை. எனக்குச் சொல்லாமல் மறைக்க வேண்டும் என்று விட்டிருந்தால் சரி. வீட்டிலும் அப்படித்தான் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். எலிசபெத் ஆண்டர்சன் என்ற தத்துவ ஆசிரியர் 1999-ல் இந்த விவாதத்தையே வேறு பக்கம் திருப்பினார்: யாருக்கு எவ்வளவு பங்கு என்று அளந்துகொண்டே இருக்கிறோம், ஒருவர் முன் இன்னொருவர் தாழ்ந்து நிற்க வேண்டாத நிலைதான் சமத்துவத்தின் நோக்கம் என்றார். லட்டு டப்பாவோடு உங்கள் வாசலுக்கு வந்தபோது அந்த இருவரும் எப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மகளிடம் ஒன்று கேளுங்கள். அந்த மாதிரித் தேர்வுத் தாள்களை யார் எடுத்துக் கொடுத்தது? நீங்கள் கொடுத்தீர்களா, பழைய பேப்பர்க்காரருக்குப் போக இருந்ததா, அவளே கூப்பிட்டுக் கொடுத்தாளா? அவளே கொடுத்தது என்றால், படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு எப்போதாவது ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தாளா என்றும் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.